ஒரே கேபிளில் லேப்டாப்பும் மானிட்டரும்: மேசைச் சிக்கலைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பை மேசையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் முன்பு நான் நான்கு கேபிள்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. சார்ஜர் ஒன்று, மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒன்று, கீபோர்டையும் மவுஸையும் தாங்கிய சிறு ஹப் ஒன்று, இணையத்துக்கான ஈதர்நெட் ஒன்று. கூட்டம் முடிந்து திரும்பி வந்தால் நான்கையும் மறுபடி சொருக வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறை எழுந்து போனால் பதினாறு முறை கைவேலை. ஈதர்நெட் ப்ளக்கின் சிறிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்த நாளில்தான், இதற்கு ஒரு வழி செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்பில் கேபிள்களை ஒளித்துவைக்கும் பெட்டி, ஒட்டும் கிளிப்புகள், சுருள் உறை என்று வாங்கி வந்து எல்லாவற்றையும் கண்ணில் படாமல் மறைத்தேன். மேசை பார்க்க அழகாக இருந்தது. பிடுங்கிச் சொருகும் வேலை ஒன்றுகூடக் குறையவில்லை. மேசையில் இருப்பவை இரண்டு வகைக் கேபிள்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வகை லேப்டாப்போடு சேர்ந்து தினமும் அசைகிறது. மற்றொரு வகை ஒருமுறை பொருத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் அசைவதே இல்லை. அசையாத கேபிள் ஆறு இருந்தாலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அசைகிற கேபிள் ஒன்றுக்கு மேல் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஆகவே லேப்டாப்பைத் தொடும் கேபிளை ஒன்றாக்குவதே இங்கே நம் வேலை. மற்றவை எல்லாம் மானிட்டருக்கோ, பல சாதனங்களைச் சேர்த்து ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் டாக் என்ற பெட்டிக்கோ போய்ச் சேரட்டும்.

படி 1: எல்லாவற்றையும் கழற்றிக் கணக்கெடுங்கள்

விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேசைக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் கழற்றித் தரையில் நீட்டி வையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு சாதனத்தின் பெயரையும் எழுதி, அதற்கு மின்சாரம் வேண்டுமா, படம் போகிறதா, தரவு போகிறதா என்று குறியுங்கள். லேப்டாப்புக்கு மூன்றும் தேவை. மானிட்டருக்கு மின்சாரமும் படமும். கீபோர்டு, மவுஸ், வெப்கேம், வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குத் தரவும் அதனுடனே வரும் சிறிதளவு மின்சாரமும்.

என் மேசையில் இப்படிக் கழற்றியபோது, ஒரு முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மறுமுனை எதிலும் இல்லாமலும் ஒரு அடாப்டர் கிடைத்தது. எப்போதோ தூக்கிப் போட்ட ஒரு ஸ்பீக்கருடையது. பல நாட்களாக அதைச் சுற்றித்தான் மற்ற கேபிள்களை முடிந்து வைத்திருக்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன்பே ஒரு கேபிள் குறைந்தது.

படி 2: லேப்டாப்பின் போர்ட்டைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் நிதானமாகவே போவோம்.

யுஎஸ்பி-சி என்பது ஒரு போர்ட்டின் வடிவத்துக்குப் பெயர். 2014இல் வெளியான அந்தத் தரத்தில், தலைகீழாகவும் சொருகக்கூடிய சிறிய நீள்வட்டத்துக்குள் 24 பின்கள் இருக்கின்றன. அந்தப் பின்களின் வழியாக எதை அனுப்புவது என்பது லேப்டாப் தயாரித்தவரின் முடிவு. ஒரு போர்ட் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், படம் தராது. இன்னொன்று படம் தரும், சார்ஜ் ஏற்காது. மூன்றாவது, தரவை மட்டும் அனுப்பும். மூன்றும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே லேப்டாப்பில் இடப்பக்கம் உள்ள போர்ட்டுக்கும் வலப்பக்கம் உள்ளதற்கும்கூடக் குணம் மாறலாம்.

எனவே உங்கள் லேப்டாப்பின் ஒவ்வொரு யுஎஸ்பி-சி போர்ட்டிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சார்ஜ் ஏற்குமா? படம் அனுப்புமா? தரவு எந்த வேகத்தில் போகும்?

போர்ட்டின் அருகில் அச்சிட்டிருக்கும் குறிகள் ஓரளவு பதில் சொல்லும். மின்னல் கோடு போன்ற அம்புக்குறி இருந்தால் அது தண்டர்போல்ட், அதாவது யுஎஸ்பி-சி வடிவிலேயே வரும் அதிவேக இணைப்பு. படமும் தரவும் இரண்டும் வரும். 'டி', 'பி' எழுத்துகள் பிணைந்தாற்போன்ற குறி டிஸ்ப்ளேபோர்ட்டைக் குறிக்கும். அந்த வழியாகப் படம் போகும். பேட்டரி அல்லது ப்ளக் படம் மின்சாரத்தைக் குறிக்கும். குறியே இல்லாத போர்ட்டுகளும் உண்டு. அப்படியானால் மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளர் தரும் விவரப்பட்டியலைத் திறந்து 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்', 'பவர் டெலிவரி' என்ற இரண்டு சொற்றொடர்களைத் தேடுங்கள். முன்னது படத்துக்கு, பின்னது சார்ஜுக்கு. இரண்டும் ஒரே போர்ட்டுக்கு எழுதியிருந்தால் ஒற்றைக் கேபிள் அமைப்புக்கு உங்கள் லேப்டாப் தயார்.

படம் தராத போர்ட் மட்டுமே இருந்தால்? டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பத்தைக் கொண்ட டாக்குகள் உண்டு. லேப்டாப்பில் நிறுவும் ஒரு மென்பொருள் திரையின் படத்தைச் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பும். டாக்கில் உள்ள சிப் அதை மீண்டும் படமாக விரிக்கும். எழுத்து வேலை, விரிதாள், மின்னஞ்சலுக்கு நன்றாகவே ஓடும். ஆனால் பிராசஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். நகல் பாதுகாப்பு உள்ள படங்கள் சில நேரம் கறுப்புத் திரையாகவே தெரியும். வேகமான விளையாட்டுகளுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் எச்டிஎம்ஐ ஒன்று, ஹப்புக்கு ஒன்று என இரண்டு கேபிள்களோடு நின்றுவிடுவது மேல். நான்கிலிருந்து இரண்டுக்கு வந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

படி 3: வாட்ஸ் கணக்கு போடுங்கள்

லேப்டாப்போடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் வெளியீடு என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட்ஸ். நீங்கள் வாங்கப்போகும் மானிட்டரோ டாக்கோ குறைந்தது அந்த அளவாவது லேப்டாப்புக்குத் தர வேண்டும்.

குறைவாகத் தந்தால் லேப்டாப் நின்றுவிடாது. சாதாரண வேலையில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். கனமான வேலை ஓடும்போதுதான், ப்ளக்கில் இருந்தபடியே பேட்டரி மெல்ல இறங்கத் தொடங்கும். சில லேப்டாப்புகள் பிராசஸர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். சிறிய ஹப்பின் வழியாகச் சார்ஜரை இணைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஹப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தருகிறது. 65 வாட்ஸ் சார்ஜரைச் சொருகினால் லேப்டாப்புக்கு 50 வாட்ஸ் போல வந்து சேரலாம்.

யுஎஸ்பி பவர் டெலிவரியின் உச்சம் நீண்ட நாள் 100 வாட்ஸாக இருந்தது. 2021இல் வந்த 3.1 பதிப்பு அதை 240 வாட்ஸ் வரை உயர்த்தியது. இருந்தாலும், தனி கிராபிக்ஸ் சிப் கொண்ட கனமான விளையாட்டு லேப்டாப்புகள் பலவற்றுக்கு அவற்றின் சொந்தச் சார்ஜர்தான் சரி. அப்படிப்பட்டவர்களுக்கு அசையும் கேபிள் இரண்டு என்று வைத்துக்கொள்வதே நியாயமான இலக்கு.

படி 4: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புதிய மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், யுஎஸ்பி-சி உள்ளீடு கொண்ட மானிட்டரை வாங்குங்கள். என் கணிப்பில் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மானிட்டரே லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும், படத்தை வாங்கிக்கொள்ளும், தன் முதுகில் உள்ள யுஎஸ்பி போர்ட்டுகளின் வழியாகக் கீபோர்டு, மவுஸ், வெப்கேமைத் தாங்கும். சிலவற்றில் ஈதர்நெட் போர்ட்டும் உண்டு. கம்பி இணையம் பயன்படுத்துகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பையிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

நல்ல நிலையில் பழைய மானிட்டர் இருக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. தனி மின் அடாப்டர் உள்ள ஒரு டாக் போதும். மானிட்டர், கீபோர்டு, ஈதர்நெட், ஹெட்போன் எல்லாம் டாக்கின் பின்புறம் நிரந்தரமாகக் குடியேறும். டாக்கிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள். மேசையில் ஒரு பெட்டி கூடுகிறது, அவ்வளவுதான். அதையும் மேசைக்கு அடியில் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது வழி, உள்ளங்கை அளவு ஹப். பயணத்துக்கு அருமை. மேசையில் நிரந்தரமாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை; லேப்டாப்பின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, போர்ட்டை நாள் முழுவதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். 4கே மானிட்டர் (3840க்கு 2160 புள்ளிகள் கொண்டது) ஒன்றை ஒரு ஹப்பின் வழியாக இணைத்தேன். படம் வந்தது, எழுத்து கூர்மையாக இருந்தது. ஆனால் மவுஸை அசைத்தால் அம்பு கையைவிடச் சற்றுப் பின்தங்கியே வந்தது; ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அது தத்தித் தத்தி நகர்ந்தது. மவுஸ்தான் பழுது என்று பேட்டரியை மாற்றினேன், பேடை மாற்றினேன். மூன்றாம் நாள் காட்சி அமைப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் எழுதியிருந்தது: 30 ஹெர்ட்ஸ். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதற்குப் பதிலாக 30 முறைதான் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி? யுஎஸ்பி-சி கேபிளுக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப் வழக்கமாக இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் ஒதுக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்கள் விநாடிக்கு 8.64 ஜிகாபிட் படத்தைத்தான் சுமக்கும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்ட ஏறத்தாழ 12.8 ஜிகாபிட் தேவை. பாதை போதவில்லை, ஆகவே ஹெர்ட்ஸ் பாதியாகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தை லேப்டாப்பும் ஹப்பும் இரண்டும் அறிந்திருந்தால் அதே இரண்டு தடங்கள் 12.96 ஜிகாபிட் சுமக்கும். 60 ஹெர்ட்ஸ் மயிரிழையில் அடங்கிவிடும். 2560க்கு 1440 அளவுள்ள மானிட்டருக்கு 60 ஹெர்ட்ஸில் 6 ஜிகாபிட்டுக்கும் குறைவே போதும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

ஆகவே ஹப்போ டாக்கோ வாங்கும்போது அட்டைப்பெட்டியில் '4கே' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பக்கத்தில் '60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்போல்ட் 4 என்றால் 40 ஜிகாபிட் வேகமும் 60 ஹெர்ட்ஸில் இரண்டு 4கே திரைகளும் குறைந்தபட்சத் தகுதி. இந்தக் கவலையே கிடையாது, விலைதான் கூடுதல்.

இரண்டு மானிட்டர்கள் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் லேப்டாப்பில், ஒரு டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் எம்எஸ்டி முறை வேலை செய்யும். மேக் இயங்குதளத்தில் அதே டாக் இரண்டு திரைகளிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். அங்கே தண்டர்போல்ட் டாக் வேண்டும். அதிலும் எம்1, எம்2 அடிப்படைச் சிப் கொண்ட மேக்புக்குகள் ஒரு வெளித் திரையை மட்டுமே நேரடியாகத் தாங்கும். சிப்பின் பெயரைப் பார்க்காமல் இரண்டாவது மானிட்டருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

படி 5: சரியான கேபிளை எடுங்கள்

ஒற்றைக் கேபிள் அமைப்பில் எல்லாப் பாரமும் அந்த ஒன்றின் மேல்தான். செல்போனோடு வந்த யுஎஸ்பி-சி கேபிளை எடுத்து மானிட்டரில் சொருகிவிட்டு, "சார்ஜ் ஏறுகிறது, படம் வரவில்லை" என்று தவிப்பவர்கள் ஏராளம். அந்தக் கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வகை. அவற்றுக்குள் 480 மெகாபிட் தரவுக்கும் மின்சாரத்துக்கும் மட்டுமே கம்பி உண்டு. படம் போகும் அதிவேகத் தடங்களுக்கான கம்பியே இல்லை. கேபிள் தடிமனாக இருப்பதையோ நூல் பின்னலால் மூடியிருப்பதையோ வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

மானிட்டரோடும் டாக்கோடும் பெட்டியில் வரும் கேபிளைத்தான் முதலில் பயன்படுத்துங்கள். தனியாக வாங்கினால், முனையில் வேகமும் வாட்ஸும் அச்சிட்ட சான்றளிக்கப்பட்ட கேபிளைத் தேடுங்கள். 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 60 வாட்ஸுக்கு மேல் கடத்தும் கேபிளின் முனைக்குள் தன் திறனை அறிவிக்கும் சிறு சிப் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் 90 வாட்ஸ் மானிட்டரும் 60 வாட்ஸோடு நிறுத்திக்கொள்ளும்.

நீளமும் முக்கியம். 40 ஜிகாபிட் வேகத்துக்குச் சாதாரணக் கேபிள் சுமார் 0.8 மீட்டர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், உள்ளே சிக்னலுக்கு வலுவூட்டும் சிப் வைத்த 'ஆக்டிவ்' வகையை வாங்க வேண்டும். கேபிளை வாங்குவதற்கு முன், லேப்டாப் போர்ட்டிலிருந்து கேபிள் வளைந்து போகும் பாதையை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். நேர்கோட்டில் அளந்தால் கட்டாயம் குறையும்.

எச்டிஎம்ஐ-யுஎஸ்பி-சி கலப்புக் கேபிள்களில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலானவை ஒருவழிப் பாதை: லேப்டாப்பின் யுஎஸ்பி-சியிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்கு. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் யுஎஸ்பி-சி என்றால் அதே கேபிளைத் திருப்பிப் போட்டாலும் படம் வராது.

படி 6: அசையாதவற்றைப் பொருத்துங்கள்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசையின் அடிப்பக்கம், பின்விளிம்பை ஒட்டித் திருகி மாட்டுங்கள். தரையிலிருந்து மேசைக்கு ஏறும் கேபிள் அதோடு ஒன்றாகிவிடும். கூட்டிப் பெருக்கவும் எளிது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் சொருகாதீர்கள். அடாப்டர்களைத் துணியாலோ மூடிய பெட்டியாலோ மூடாதீர்கள்; அவை சூடாகும், காற்று வேண்டும்.

கேபிள்களைக் கட்டுவதற்கு ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையே நல்லது. இறுக்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிற பிளாஸ்டிக் டேக், அடுத்த மாற்றத்தின்போது கத்தரிக்கோலைக் கேபிளுக்கு மிக அருகில் கொண்டுபோகும். கட்டும்போது, கட்டைவிரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வு விடுங்கள். மானிட்டர் ஆர்ம் வைத்திருப்பவர்கள் திரையை அதன் எல்லை வரை முன்னே இழுத்து, மேலே தூக்கி, அந்த நிலையில் கேபிளைக் கட்டுங்கள். திரையைப் பின்னால் தள்ளி வைத்துக் கட்டினால், ஒரு நாள் இழுக்கும்போது போர்ட்டே கையோடு வந்துவிடும். ஆர்ம் வாங்கும் முன் மானிட்டரின் பின்புறத் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டை வயர்லெஸ் ஆக்க வேண்டுமா என்று கேட்பார்கள். மானிட்டரில் சொருகிய கம்பிக் கீபோர்டு அசையாத கேபிள். அது எண்ணிக்கையிலேயே வராது. மவுஸுக்கு மட்டும் வயர்லெஸ் உண்மையிலேயே கைக்குச் சுகம். அதன் சிறிய ரிசீவரை யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு ஒட்டினாற்போல் சொருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 தரவு ஓடும்போது, இத்தகைய ரிசீவர்கள் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுவதை இன்டெல் 2012இலேயே ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் கோப்பு நகலாகும்போது மட்டும் மவுஸ் தடுமாறுகிறது என்றால் காரணம் இதுதான். ஒரு குட்டி நீட்டிப்புக் கேபிளால் ரிசீவரை ஒரு சாண் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக அந்த ஒற்றைக் கேபிள். லேப்டாப் நிற்கும் இடத்தின் ஓரத்தில் மேசை விளிம்பில் ஒரு கிளிப் ஒட்டி, அதில் அதன் முனையை மாட்டுங்கள். லேப்டாப்பை எடுத்தவுடன் கேபிள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிட்டால், இவ்வளவும் செய்துவிட்டுத் தினமும் குனிந்து தேடுவீர்கள்.

படி 7: அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

கேபிளைச் சொருகியவுடன் காட்சி அமைப்பில் ரெசல்யூஷனையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். விண்டோஸில் ஹெர்ட்ஸ் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்ற உட்பிரிவில் இருக்கும். 30 என்று தெரிந்தால் பட்டியலில் 60 இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறவுங்கள். பல யுஎஸ்பி-சி மானிட்டர்களில் படத்துக்கு முன்னுரிமையா, தரவு வேகத்துக்கு முன்னுரிமையா என்று ஒரு தேர்வு இருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்தால் நான்கு தடங்களும் படத்துக்கே போகும். மானிட்டரின் முதுகில் உள்ள யுஎஸ்பி போர்ட்டுகள் 2.0 வேகத்துக்கு இறங்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது தாராளம். வெளி ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குத்தான் இழப்பு.

லேப்டாப்பை மூடி வைத்தே வேலை செய்ய விரும்பினால், விண்டோஸில் மின்சார அமைப்புக்குள் போய், ப்ளக்கில் இருக்கும்போது மூடியை மூடினால் எதுவும் செய்ய வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். பேட்டரியில் இருக்கும்போது தூக்க நிலைக்குப் போகும் அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பைக்குள் ஓடிக்கொண்டே கொதிக்கும். மேக்கில் மின்சாரம், வெளிக் கீபோர்டு, மவுஸ் மூன்றும் இணைந்திருந்தால் மூடியபடியே வெளித் திரையில் இயங்கும்.

லேப்டாப் இனி நாள் முழுவதும் சார்ஜிலேயே இருக்கும் என்பதால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டோடு கிடப்பது லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

ஒலி மானிட்டருக்குத் தாவிவிடுவதும் வழக்கம். ஒலி வெளியீட்டில் உங்கள் ஹெட்போனைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: ஏதாவது தகராறு செய்தால்

படமே வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு போர்ட்டை, அதன்பின் மானிட்டரின் உள்ளீட்டுத் தேர்வை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்; பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும். படம் நொடிப்பொழுது கறுத்துத் திரும்புகிறது என்றால் கேபிள் நீளம் அதிகம், அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கிறது. லேப்டாப் விழித்தபின் டாக் பேசாமல் கிடந்தால், டாக்கின் மின் ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து விநாடி விட்டுச் சொருகுங்கள். அடிக்கடி நேர்ந்தால் டாக்கின் பர்ம்வேரையும் (அதற்குள் இருக்கும் மென்பொருள்) லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பியுங்கள்.

எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, மிச்சமான கேபிள்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, எதற்கானது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி ஒரு டப்பாவில் போடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை மட்டும் லேப்டாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடத்துப் புரொஜெக்டர்களில் யுஎஸ்பி-சி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.